சாவி செய்த அங்கப்பிரதட்சணம்

பூட்டைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. சாவியை எங்கே வைத்துக்கொள்வது என்று முதன்முதலில் முழித்தவனைப் பற்றி ஒரு வரி கிடையாது. நியாயமாகப் பார்த்தால் அவன் பாடுதான் பெரும்பாடு. பூட்டு கதவில் தொங்கிக்கொண்டு கிடக்கும், அதற்கு வேறு சோலி இல்லை. சாவி அப்படியா? வீட்டுக்காரனோடு தோட்டத்துக்குப் போக வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், ஆற்றில் குளிக்க வேண்டும், இழவு வீட்டில் உட்கார வேண்டும், அத்தனையும் முடித்துவிட்டுத் தொலையாமல் வீடு திரும்ப வேண்டும்.

இந்தச் சின்னச் சாமானை உடம்பில் எங்கே செருகுவது என்று தெரியாமல் மனுசப்பயல் இரண்டாயிரத்து எழுநூறு வருசமாகத் தோள், விரல், இடுப்பு, கழுத்து என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறான். அந்தத் தேடல் எங்கள் தேனி மாவட்டத்து வருசநாட்டுக் கிழவிகளின் சுருக்குப் பையில் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் வந்ததெல்லாம் வெட்டி வேலை என்பது என் கட்சி. சாட்சிகளை வரிசையாகக் கூப்பிடுகிறேன்.

தோள்

இராக்கில் கோர்சாபாத் என்று ஓர் ஊர். அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் அங்கே அரண்மனை கட்டினான். அதன் இடிபாடுகளைத் தோண்டியவர்களுக்கு ஒரு மரப்பூட்டு அகப்பட்டது. தாழ்க்கட்டைக்குள் மேலிருந்து மரமுளைகள் விழுந்து அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாவியின் முனையில் இருக்கும் முளைகள் அவற்றை மேலே தள்ளினால் தாழ் விலகும். இன்றைக்கு ஃபிளாட் கதவில் இருக்கும் பூட்டுக்கும் தத்துவம் அதுதான். மூளைக்குக் குறைச்சல் இல்லை. சாவிதான் பெரிய கட்டையாகப் போய்விட்டது.

அதை எப்படித் தூக்கினார்கள்? பைபிளில் ஏசாயாவின் புத்தகம் தாவீது வீட்டுச் சாவியை ஒருவர் தோளின்மேல் வைப்பதைப் பற்றிச் சொல்கிறது. விளக்கம் எழுதியவர்கள் அதில் அதிகாரத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிவது தோள்வலி. நாலு வீடு வைத்திருந்த பணக்காரன் காட்டுக்குப் போய்த் திரும்பும் விறகுவெட்டி மாதிரிதான் தெருவில் நடந்திருப்பான். ஒரே லாபம், அந்தச் சாவி தொலைந்ததாகச் சரித்திரமே இருந்திருக்காது. தொலைத்தவன் எப்படித் தேடுவான், யார் நம்புவார்கள்?

விரல்

அடுத்து ரோமானியர்கள். பாதி உலகத்தைப் பிடித்தார்கள், மலைகளுக்கு நடுவே தண்ணீர் கொண்டுவந்தார்கள், சட்டம் எழுதினார்கள். போட்டிருந்த டோகா என்ற மேலாடையில் ஒரு பை தைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பை இல்லாததால் சாவியை மோதிரத்தோடு சேர்த்து வார்த்து விரலில் மாட்டிக்கொண்டார்கள். ரோமானிய மோதிரச் சாவிகள் இன்றும் மியூசியங்களில் இருக்கின்றன. வீட்டுக்கதவுக்கு அது போதாது, நகைப்பெட்டி, பணப்பெட்டிக்குத்தான் சரிப்படும். கைக்கடக்கமான சாவி ஏற்பாடுதான். ஒரே சிக்கல், கோபத்தில் பையனை ஓங்கி அறைந்தால் அவன் கன்னத்தில் டூப்ளிகேட் சாவிக்கு அச்சு தயார்.

பைக்குப் பதில் ஆளை வைத்துச் சமாளித்தவர்கள் ஆங்கிலேயர்கள். லண்டன் கோட்டையைப் பூட்டும் சடங்கு பல நூற்றாண்டுகளாக ஒவ்வொரு ராத்திரியும் நடக்கிறது. சரியாக 9.53 மணிக்குக் காவலர் தலைவர் சாவிகளோடு கிளம்புவார், துப்பாக்கிச் சிப்பாய்கள் கூடவே நடப்பார்கள். வழியில் ஒரு காவலாள் மறித்து, வருவது யார் என்று அதட்டுவான். சாவிகள் என்று பதில் வரும். யாருடைய சாவிகள் என்று அடுத்த கேள்வி. தினமும் அதே ஆள், அதே சாவி, அதே சந்தேகம். ராணுவத்தையே உறையாகத் தைத்துப் போட்டால்தான் அவர்களுக்கு ஒரு சாவிக்கொத்து பத்திரமாக நகரும்.

இடுப்பு

இடுப்புக்கு வந்தபோதுதான் சாவிக்கு வாய் முளைத்தது. விக்டோரியா காலத்து ஆங்கிலேயச் சீமாட்டிகள் இடுப்பில் ஒரு கொக்கியும் அதில் சங்கிலிகளும் தொங்கவிட்டு, சாவி, கத்தரிக்கோல், அங்குஸ்தான் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வெள்ளியில் செய்து, மயிலோ கிளியோ வைத்து, கொசுவத்தில் செருகும் சாவிக்கொத்து. பார்க்க அழகு. ஆனால் அது பார்ப்பதற்காகச் செய்ததல்ல, கேட்பதற்காகச் செய்தது.

மாமியார் அடுப்படிக்கு வருவதற்கு நாலு எட்டு முன்னாலேயே சாவிக்கொத்து வந்துவிடும். மருமகள் வாயில் போட்ட முறுக்கை விழுங்கவும், வேலைக்காரன் கயிற்றுக்கட்டிலை விட்டு எழுந்திருக்கவும் அந்த நாலு எட்டு போதும். கூட்டுக்குடும்பங்கள் உடையாமல் இருந்ததற்குப் பெரியவர்கள் பொறுமை, தியாகம் என்று என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்தச் சத்தம்தான் காரணம். சாவி சத்தம் போடாமல் இருக்க இன்று தோலில் உறை விற்கிறார்கள். அன்றைக்கு அதை ஒரு மாமியாருக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் வீட்டுக்கு வீடு பாகப்பிரிவினை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கொத்தில் பாதிச் சாவி எந்தப் பூட்டுக்கும் சேராது. பூட்டு உடைந்திருக்கும், பெட்டி கறையான் அரித்திருக்கும், சாவி மட்டும் பதவியில் நீடிக்கும். ஜமீன் விசயத்திலும் இதே கதைதான். கண்டமனூர் ஜமீனுக்குள்தான் வருசநாடு இருந்தது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து எல்லா ஜமீன்களுக்கும் சேர்த்துப் பூட்டைக் கழற்றியது. சட்டம் நிலத்தை எடுத்துக்கொண்டது, சாவிக்கொத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுதான் பெரிய கலவரமாக ஆகியிருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கின் பெரிய சாவியும் இந்த இடுப்பு வகையைச் சேர்ந்ததுதான். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பென்னிகுயிக் படத்தை மாட்டாத கடை கம்பத்தில் அபூர்வம். அணை நிற்பது கேரளத்தில், அதை இயக்குவது தமிழ்நாடு. வீடு அவர்களது, சாவி நம்முடையது. 1886-ல் போட்ட குத்தகை 999 வருசத்துக்கு, 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வாடகை. 1970-ல் அதை 30 ரூபாய் ஆக்கினார்கள். வாடகைக்கு இருப்பவன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வளைய வந்தால் வீட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும் என்பதை இரண்டு மாநிலத்துப் பத்திரிகைகளையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்தச் சாவிக்கு உறை அந்த ஒப்பந்தத் தாள்தான். அவ்வளவு பெரிய சாவியை இவ்வளவு மெல்லிசாக மடித்து வைத்த இன்னொரு உறை கிடையாது.

ஷட்டரைத் தூக்கினால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும். வருசநாட்டானுக்கு அதில் ஒரு சொட்டு கிடையாது. எங்கள் மூல வைகைக்கு மழைதான் சாவி, அதை எங்கே வைத்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. அபூர்வமாக வெள்ளம் வந்தாலும் 1959-ல் கட்டிய வைகை அணை கீழே காத்திருந்து வாங்கிக்கொள்கிறது.

அரைஞாண், ஊக்கு, கழுத்து

சாதாரண சனத்துக்கு ஒரே ஒரு சாவி. ஆம்பளை அதை அரைஞாண் கயிற்றில் முடிந்தான். இதைவிட இறுக்கமான பாதுகாப்பு யோசிக்கவே முடியாது. குளித்தாலும் தூங்கினாலும் கூடவே இருக்கும். திருடன் வந்தாலும் எடுக்கக் கூச்சப்படுவான். ஆனால் வாசலில் சம்பந்திக்காரர்கள் காத்துக்கொண்டிருக்கும்போது வேட்டிக்குள் கையை விட்டுக் கொஞ்ச நேரம் துழாவிய பிறகுதான் கதவு திறக்கும். பூணூலில் சாவியை மாட்டிய வைதீகர்கள் இந்தக் கஷ்டத்திலிருந்து தப்பினார்கள். அவர்களுக்கு அது முதுகு சொறியவும் ஆயிற்று, காது குடையவும் ஆயிற்று.

பொம்பளைகளுக்குத் தாலிக்கயிறு. அதில் ஊக்கு, ஊக்கில் சாவி. நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் 1849-ல் ஊக்குக்குக் காப்புரிமை வாங்கினார். கடன் தொல்லையில் அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். தான் செய்த சாமான் கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டில் தாலிக்கு இணையான ஸ்தானத்தில் உட்காரப் போகிறது என்று தெரிந்திருந்தால் இன்னொரு 100 டாலர் சேர்த்துக் கேட்டிருப்பார்.

சாவி இளைத்தது, திண்டுக்கல் இளைக்கவில்லை

லண்டனில் ஜோசப் பிராமா 1784-ல் ஒரு பூட்டு செய்தார். சாவி சின்னக் குழாய், விரல் நீளம்கூட இல்லை. கடை சன்னலில் ஒரு பூட்டை வைத்து, சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி தருவதாக 1790-ல் அறிவித்தார்கள். அறுபது வருசம் ஒருத்தரும் அசைக்கவில்லை. 1851 லண்டன் உலகக் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் ஹாப்ஸ் வந்து சேர்ந்தார். இங்கிலாந்தே பெருமையடித்த சப் கம்பெனிப் பூட்டை 25 நிமிசத்தில் திறந்தார். பிராமா பூட்டோடு 16 நாளில் மொத்தம் 51 மணிநேரம் மல்லுக்கட்டி அதையும் திறந்தார். பிறகு லைனஸ் யேல் 1861-ல் தட்டைச் சாவிக்கு வழி செய்தார். சர்கோன் காலத்துக் கட்டை இளைத்து இளைத்துத் தகடாகிவிட்டது. அன்றைக்குத்தான் சட்டைப் பைக்குள் சாவி அடங்கியது.

இந்தியாவில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-ல் பம்பாயில் பூட்டுத் தொழில் ஆரம்பித்தார். அதற்கு முன் அவர் வக்கீல், கட்சிக்காரனுக்காக உண்மையை வளைக்கச் சொன்னார்கள் என்று தொழிலையே விட்டவர். பொய் சொல்லத் தெரியாதவர் பூட்டு செய்யப் போனார், பொய் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தப் பூட்டை வாங்கினார்கள். வியாபாரம் செழித்தது.

திண்டுக்கல் இதையெல்லாம் சட்டையே செய்யவில்லை. 1985 வரை அதுவும் நாங்களும் ஒரே மதுரை மாவட்டம், பூட்டுக்கும் வருசநாட்டுக்கும் ஒரே கலெக்டர். அங்கே பட்டறையில் ராவி ராவிக் கையாலேயே செய்த மாங்காய்ப் பூட்டு வந்து இறங்கும். அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும். அதற்கு உருண்டைத் தண்டும் முனையில் பல்லுமாக ஒரு சாவி, கையில் எடுத்தாலே ஆயுதம். 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்டாங்கிச் சேலைக்கும் கூடவே கிடைத்தது. பூட்டுக்கும், சாவியைச் செருகும் கொசுவத்துக்கும் ஒரே நேரத்தில் பட்டயம் கொடுத்த அதிகாரிக்கு விசயம் தெரிந்திருக்கிறது.

ஜோப்பு

பை வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் ஏமாற்றம். பையில் போட்ட சாவி மறந்துபோகும். டைட்டானிக் கப்பல் 1912-ல் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் டேவிட் பிளேர் என்ற அதிகாரியை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அவர் இறங்கிப் போனபோது கண்காணிப்பு மேடையின் தூரக்கண்ணாடி இருந்ததாகச் சொல்லும் பெட்டகத்தின் சாவி அவர் பையோடு போய்விட்டது. தூரக்கண்ணாடி இருந்திருந்தால் பனிப்பாறையை முன்னாடியே பார்த்திருப்பேன் என்று உயிர் தப்பிய காவலாள் விசாரணையில் சொன்னார். அந்தச் சாவி 2007-ல் 90,000 பவுனுக்கு ஏலம் போனது. கப்பல் போயும் சாவி விலை போன ஒரே கேஸ் இதுதான்.

எங்கள் ஊர் ஆம்பளைகள் பையை வெளியே விடாமல் உள்ளே வைத்தார்கள். முழங்கால் வரை கோடுபோட்ட பட்டாப்பட்டி டவுசர், அதன் ஓரத்தில் ஆழமான பை. பணம், பீடி, மோட்டார் ரூம் சாவி எல்லாம் அதற்குள். சந்தையில் எடுக்க வேண்டுமென்றால் வேட்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆட்டு வியாபாரம் படிந்ததற்கு அதுவே அடையாளம். கொஞ்சம் வசதியானவர்கள் நாலு விரல் அகலத்துக்குப் பச்சை பெல்ட் கட்டி அதில் பொத்தான் வைத்த பைகளில் போட்டுக்கொண்டார்கள். வயிறு பெருத்தால் பையின் வாய் திறக்காது. சாவி பத்திரம், ஆள்தான் வெளியே நிற்பார்.

சுருக்குப் பை

இனி என் பிரதான சாட்சி. எங்கள் பக்கத்து அப்பத்தாக்களின் இடுப்பில் தொங்கிய இந்தச் சாதனத்தை எந்த டிசைன் கல்லூரியும் பாடமாக வைக்கவில்லை.

கச்சாப் பொருள், ரவிக்கை தைத்து மிஞ்சிய துணி. உள்ளே அடுக்கடுக்காக அறைகள். ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் பாக்கு, ஒன்றில் புகையிலை, சுண்ணாம்பு டப்பி, சில்லறை, நாலாக மடித்த நோட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் சாவி. வாயில் இரண்டு பக்கமும் கயிறு. எதிரெதிராக இழுத்தால் மூடும், துணியை விரித்தால் திறக்கும். ஜிப் இல்லை, பட்டன் இல்லை, ஸ்குரு இல்லை, கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. திண்டுக்கல் சாவியும் அடங்கும், பீரோ சாவியும் அடங்கும். உள்ளே போடப் போடப் பை பெருக்கும், எடுக்க எடுக்கச் சுருங்கும். காரமான சூழலில் இரும்பு லேசில் துருப்பிடிக்காது, காங்கிரீட்டுக்குள் கம்பி தாக்குப்பிடிப்பதும் அதனால்தான். டப்பியிலிருந்து சிந்திய சுண்ணாம்புக்குள் சாவியைப் புரட்டி வைத்த அப்பத்தாவுக்கு இந்த வேதியியல் தெரியாது. வேதியியலுக்கு அப்பத்தாவைத் தெரிந்திருக்கிறது.

பாதுகாப்பு ஏற்பாடு இன்னும் பிரமாதம். அந்தப் பையில் கை வைக்கும் தைரியம் மகனுக்குக் கிடையாது, மருமகனுக்குக் கிடையாது, பேரனுக்கு மட்டும் மிட்டாய்க்கு எட்டணா அளவில் அனுமதி. அவனும் எடுக்கக் கூடாது, கேட்கத்தான் செய்யலாம். அவள் கயிற்றைத் தளர்த்தி, ஒவ்வொரு அறையாகத் தடவி, வெற்றிலையை வெளியே எடுத்து மடியில் வைத்து, திரும்ப உள்ளே வைத்து, கடைசியில் காசை எடுப்பதற்குள் அவனுக்கு மிட்டாய் ஆசையே போய்விடும். வங்கிகள் இதைத்தான் இன்று பலகட்டச் சரிபார்ப்பு என்று பெருமையாகச் சொல்கின்றன.

எரவாணம்

சாவியைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இருப்பதும் ஒரு டிசைன்தான். அதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை. எரவாணத்தில் சொருகுவது, மாடக்குழியில் விளக்குக்குப் பின்னால் வைப்பது, நிலைக்கு மேலே, மீட்டர் பெட்டிக்கு மேலே, பழைய செருப்புக்குள்ளே. “அங்கிட்டு எரவாணத்துல சொருகிருக்கேன், எடுத்துக்க” என்று தெருமுனையிலிருந்தே அப்பத்தா கத்துவாள். தெரு முழுக்கக் கேட்கும். கேட்டவர்கள் யாரும் எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். பூட்டு எதற்கு என்று கேட்டால், ஆள் இல்லை என்று வந்தவனுக்குத் தெரிய வேண்டாமா என்பார்கள்.

ரகசியமாக வைத்தவர்கள்தான் கெட்டார்கள். பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயிக்குப் பூட்டு செய்வது பொழுதுபோக்கு. அரண்மனைச் சுவருக்குள் இரும்பு அலமாரி வைத்துக் கடிதங்களை ஒளித்தான். அதைச் செய்துகொடுத்த பூட்டுத் தொழிலாளியே 1792-ல் போய்க் காட்டிக்கொடுத்தான். கடிதங்கள் விசாரணைக்குப் போயின, அடுத்த வருசம் ராஜாவின் தலை போனது. மீட்டர் பெட்டிக்கு மேலே வைத்திருக்கலாம்.

பூரி ஜெகந்நாதர் கோயிலிலும் இதே கதை. பொக்கிஷ அறையின் உள்சாவியைக் காணோம் என்று 2018-ல் தெரிந்தது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். டூப்ளிகேட் சாவி என்று எழுதிய உறை ஒன்று கிடைத்தது. 2024 மே மாதத் தேர்தல் கூட்டத்தில் பிரதமர் மோடி, சாவி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாகச் சனங்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றார். முதல்வர் ஸ்டாலின் கண்டித்தார். எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று எரவாணத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஜூலையில் அறையைத் திறக்கப் போனபோது டூப்ளிகேட் சாவி சேரவில்லை, பூட்டுகளை உடைத்தார்கள். கமிஷன் வைத்துக் காப்பாற்ற முடியாத சாவியைக் கிழவிகள் வெற்றிலைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஸ்குரு

சிகாகோக்காரர் மைக்கேல் டன்னி 2013-ல் கீஸ்மார்ட் என்று ஒன்றை இணையத்தில் சனங்களிடம் முன்பணம் திரட்டிக் கொண்டுவந்தார். இரண்டு தகடு, இரண்டு ஸ்குரு, நடுவே சாவிகளை அடுக்கி ஸ்விஸ் கத்தி போல மடக்கிக்கொள்ள வேண்டும். சத்தம் வராது, பை கிழியாது. புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. ஒரு தட்டைச் சாவி கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர், ஒரு பக்கத்தில் பத்து அடுக்கினால் இரண்டு சென்டிமீட்டர், தகடும் சேர்ந்தால் தொடையில் செங்கல். ஸ்குருவை முறுக்கினால் சாவி விரியாது, தளர்த்தினால் எல்லாம் சேர்ந்து விரியும். சாவி எண்ணிக்கை இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் நடுவே வாஷர் போட வேண்டும். கார் சாவி உள்ளே போகாது, வெளியே தொங்கும். திண்டுக்கல் சாவியைக் காட்டினால் அந்தக் கருவி மயங்கி விழும். வீட்டுக்கதவைத் திறப்பதற்குள் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்பில் பாதி முடிந்துவிடுகிறது.

இப்போது சாவியே வேண்டாம், கட்டைவிரலை வைத்தால் கதவு திறக்கும் என்கிறார்கள். ரோமானியன் விரலுக்கு மேலே மாட்டியதை இவர்கள் விரலுக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் பக்கம் அதைப் பரீட்சை பண்ணிப் பார்த்தாயிற்று. 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளுக்குக் கைரேகை வந்தது. இலவம்பஞ்சு பிரித்து, களைவெட்டி, பாத்திரம் தேய்த்து வழுவழுப்பான விரல்களோடு ஆத்தாமார் வரிசையில் நின்றார்கள். “ரேகை விழலத்தா, சேலையில தொடச்சுட்டு நல்லா அழுத்து.” அழுத்தியும் விழவில்லை. பிறகு கண்ணைக் காட்டச் சொன்னார்கள், கண்ணில் புரை. அவளுடைய அரிசியை அவளுக்குத் தர அவள் உடம்பே சாட்சி சொல்ல மறுத்தது. கார்டு மட்டும் சுருக்குப் பைக்குள் கசங்காமல் இருந்தது.

சாவி தேய்ந்தால் அதை வைத்து இன்னொன்று ராவிக் கொடுக்கத் தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அரைமணி நேரம் போதும். கட்டைவிரல் தேய்ந்தால் மாற்று ராவிக் கொடுக்கும் கடை எந்த ஊரிலும் திறக்கவில்லை. திறந்தால் அந்தக் கடைக்கு ராத்திரி எந்தப் பூட்டைப் போடுவார்கள், அதன் சாவியை எங்கே வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.